கையெழுத்துப் போட்ட என்.டி.ஏ. உங்களை எதுவரை கட்டும்?

வேலையில் சேரும் நாளன்று ஆஃபர் லெட்டரோடு ஒரு கட்டுக் காகிதம் வரும். அதில் நாலைந்து பக்கம் ‘ரகசியக் காப்பு ஒப்பந்தம்’. எல்லோரும் சுருக்கமாக என்.டி.ஏ. என்பார்கள். எச்.ஆர். காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இருக்கைக்குப் போய்விடுகிறோம். இரண்டு மூன்று வருடம் கழித்து வேறு நிறுவனத்துக்கு மாறும்போது அதே காகிதம் வக்கீல் நோட்டீஸாகத் திரும்பி வருகிறது. எங்கள் ரகசியங்கள் உங்களுக்குத் தெரியும், போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது, மீறினால் இத்தனை லட்சம் கட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டுக் கையில் வந்த வேலையை வேண்டாம் என்று விட்டவர்களும் உண்டு.

அந்தப் பயத்தில் ஒரு பகுதிக்குச் சட்டத்தில் ஆதாரமே கிடையாது. இன்னொரு பகுதி உண்மையானது, அதை அலட்சியம் செய்தால் சிறைவரை போகலாம். இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்பதை இந்தியச் சட்டத்தை வைத்துப் பார்ப்போம்.

நான்கு சொற்கள், நான்கு வேறு விஷயங்கள்

குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரே ஒப்பந்தத்துக்குள் நான்கு தனித்தனி வாக்குறுதிகளைச் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள்.

1. வணிக ரகசியம்: வெளியில் தெரியாத, தெரியாமல் இருப்பதாலேயே பண மதிப்புள்ள, தெரியாமல் காக்க நிறுவனம் உண்மையில் முயற்சி எடுத்திருக்கிற தகவல். சாயப்பட்டறையின் கலவை விகிதம், மென்பொருளின் மூல நிரல், அடுத்த சீசனுக்கான ஆடை மாதிரி, டெண்டரில் போடப்போகும் விலை போன்றவை.

2. ரகசியக் காப்பு ஒப்பந்தம்: அப்படிப்பட்ட தகவலைப் பிறருக்குச் சொல்ல மாட்டேன், கொடுத்த காரியத்துக்குத் தவிர வேறெதற்கும் பயன்படுத்த மாட்டேன் என்ற உறுதி.

3. போட்டித் தடை: வேலையை விட்ட பிறகு இத்தனை மாதம் அல்லது வருடம் இதே துறையில் வேலை செய்ய மாட்டேன், சொந்தமாகத் தொழில் தொடங்க மாட்டேன் என்ற உறுதி.

4. பாண்டு: இத்தனை வருடம் இருப்பேன், நடுவில் போனால் இவ்வளவு பணம் தருவேன் என்ற உறுதி.

ஒவ்வொன்றையும் நீதிமன்றம் வேறு வேறு அளவுகோலால் அளக்கிறது. மூன்றாவதைக் கேட்டால் கிடைக்காது என்று தெரிந்த நிறுவனம் அதையே இரண்டாவதன் பெயரில் கேட்டுப் பார்க்கும். வழக்குகளில் அடிக்கடி நடப்பது இதுதான்.

கையெழுத்தால் ரகசியம் பிறக்காது

வணிக ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும், ஆங்கிலேய நீதிமன்றங்கள் வளர்த்த ‘நம்பிக்கை மீறல்’ என்ற கோட்பாடும் சேர்ந்துதான் இந்த இடத்தை நிரப்புகின்றன. அந்தக் கோட்பாட்டின் அடிப்படை 1968இல் இங்கிலாந்தில் ஒரு மொபெட் எஞ்சின் வடிவமைப்பு பற்றி வந்த வழக்கில் தெளிவாக வகுக்கப்பட்டது. வழக்குப் போடுபவர் மூன்றைக் காட்ட வேண்டும்.

1. தகவல் உண்மையிலேயே ரகசியத் தன்மை உடையது.
2. ரகசியம் காக்கும் கடமையை உண்டாக்கும் சூழலில் அது சொல்லப்பட்டது.
3. அனுமதி இல்லாமல் அது பயன்படுத்தப்பட்டது.

இதில் கையெழுத்து என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டாலும் மூன்றும் இருந்தால் கடமை உண்டு. 1987இல் டெல்லி உயர் நீதிமன்றம் கால்நடைத் தீவனம் வளர்க்கும் இயந்திரம் பற்றிய ஒரு வழக்கில் இப்படித்தான் தீர்ப்பளித்தது. உதிரிபாகம் செய்து தரக் கேட்டு இயந்திரத்தின் வரைபடங்களையும் நுட்பத்தையும் ஒரு நிறுவனத்திடம் காட்டினார்கள். அந்த நிறுவனம் அதை வைத்துத் தானே இயந்திரம் செய்ய இறங்கியது. வெளிப்படையான ஒப்பந்த ஷரத்து இல்லாவிட்டாலும் நம்பிக்கையில் கொடுத்ததை இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது.

இதன் மறுபக்கம் ஊழியர்களுக்கு ரொம்ப முக்கியம். முதல் அம்சம் இல்லாவிட்டால் எத்தனை பக்கம் கையெழுத்துப் போட்டிருந்தாலும் காப்பதற்கு ஒன்றும் இல்லை. ‘பணியின்போது அறியும் அனைத்துத் தகவல்களும் ரகசியம்’ என்று ஒப்பந்தம் சொல்லலாம். ஆனால் இணையத்தில் கிடைக்கும் விலைப்பட்டியலும், ஊரில் எல்லா வியாபாரிக்கும் தெரிந்த வாடிக்கையாளர் பெயரும் அந்த வரியால் ரகசியம் ஆகிவிடாது. நிறுவனத்தில் அன்றாடம் கண்ணில் படுவதெல்லாம் வணிக ரகசியம் ஆகாது என்று 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. எந்தத் தகவல், எப்படிப்பட்டது, யாரிடம் இருந்தது என்று குறிப்பாகச் சொல்லாமல் ‘எங்கள் ரகசியம் போய்விட்டது’ என்று பொதுவாக வரும் மனுக்கள் முதல் கட்டத்திலேயே தடுமாறுகின்றன.

பிரிவு 27: இந்தியாவின் கறாரான வேலி

ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு மிகச் சிறியது. ஒருவரைச் சட்டபூர்வமான தொழில், வணிகம், வேலை எதையும் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. அதிலேயே சொல்லப்பட்ட விதிவிலக்கு ஒன்றுதான்: கடையை அதன் நற்பெயரோடு விற்றவர், அதே பகுதியில் அதே தொழிலை நியாயமான எல்லைக்குள் செய்யாமல் இருக்க ஒப்புக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் தடை ‘நியாயமான’ அளவில் இருந்தால் செல்லும். நம் சட்டம் அதைவிடக் கறாரானது. இந்தப் பிரிவுக்கு மூலம் அமெரிக்காவில் டேவிட் டட்லி ஃபீல்டு நியூயார்க் மாநிலத்துக்காக எழுதிய வரைவுச் சட்டம். அதே வரைவிலிருந்து அதே 1872இல் கலிஃபோர்னியாவும் இதே விதியை எடுத்துக்கொண்டது. சிலிக்கான் பள்ளத்தாக்கில் பொறியாளர்கள் ஒரு நிறுவனத்திலிருந்து எதிர்வரிசை நிறுவனத்துக்குத் தடையின்றி மாற முடிவதற்கு அது ஒரு பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. அதே வேலி நமக்கும் இருக்கிறது என்பது இங்கே பலருக்குத் தெரியாமல் இருப்பது வருத்தம்தான்.

உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை எப்படிப் படித்தது என்பதைக் காலவரிசையில் பார்த்தால் எளிது.

1. 1967, செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கு. டயருக்கான நூல் தயாரிக்கும் நுட்பத்தை நெதர்லாந்தின் ஏ.கே.யு. நிறுவனத்திடமிருந்து ரகசியம் காக்கும் நிபந்தனையோடு அந்தக் கம்பெனி வாங்கியிருந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த ஒரு மேற்பார்வையாளர் நடுவிலேயே விலகி, கோட்டாவில் இருந்த போட்டி ஆலைக்குப் போனார். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அங்கே வேலை செய்யக் கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஒப்பந்தக் காலத்துக்குள் விதிக்கும் தடை 27ஆம் பிரிவில் மாட்டாது என்பது இதன் சாரம்.

2. 1980, சூப்பரின்டெண்டன்ஸ் கம்பெனி வழக்கு. வேலையை விட்ட பின் இரண்டு வருடம், கடைசியாகப் பணிபுரிந்த ஊரில் போட்டித் தொழில் கூடாது என்பது ஷரத்து. கம்பெனியே பணிநீக்கம் செய்த டெல்லிக் கிளை மேலாளர் அதே தொழிலைச் சொந்தமாகத் தொடங்கினார். கம்பெனி தோற்றது. மூன்று நீதிபதிகளில் ஒருவரான ஏ.பி. சென் தனியாக எழுதிய தீர்ப்பு இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. ‘நியாயமான தடை’, ‘பகுதித் தடை’ என்றெல்லாம் பிரித்துப் பார்க்க 27ஆம் பிரிவில் இடமில்லை, வேலை முடிந்த பிறகு நீளும் தடை செல்லாது என்றார்.

3. 2006, பெர்செப்ட் டி’மார்க் வழக்கு. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானின் விளம்பர வாய்ப்புகளைக் கவனித்த நிறுவனம், ஒப்பந்தம் முடிந்த பிறகும் வேறு யாரோடும் கைகோர்க்கும் முன் தன்னிடம்தான் முதலில் கேட்க வேண்டும் என்றது. ஒப்பந்தக் காலம் தாண்டிய அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, போட்டித் தடை செல்லாது. அதையே ரகசியக் காப்பு என்ற பெயரில் கேட்டால்? 2006இல் டெல்லியில் ஒரு வெளிநாட்டு வங்கி அதைத்தான் செய்து பார்த்தது. வேறு வங்கிக்குப் போன அதிகாரிக்கு வாடிக்கையாளர் விவரங்கள் தெரியும், ஆகவே தடுங்கள் என்று கேட்டது. ரகசியம் தெரியும் என்ற காரணத்தைக் காட்டி ஒருவர் நல்ல வேலை தேடிப் போகும் உரிமையைப் பறிக்க முடியாது என்று உயர் நீதிமன்றம் மறுத்தது.

தலைக்குள் இருப்பது யாருக்குச் சொந்தம்?

இதுதான் மொத்த விஷயத்திலும் கடினமான கேள்வி.

பத்து வருடம் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தவருக்குத் துணியைத் தொட்டாலே சாயம் எவ்வளவு பிடிக்கும் என்று தெரியும். அந்தக் கைப்பழக்கம் அவருடையது. அதே பட்டறையில் ஒரு குறிப்பிட்ட நீல நிறத்துக்கு எந்தெந்த ரசாயனம் எத்தனை கிராம் என்று எழுதி வைத்த அட்டை பட்டறையுடையது. அட்டையை அவர் எடுத்துப் போகவில்லை, ஆனால் மனப்பாடமாகத் தெரியும் என்றால்?

1986இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு ஒரு வழி காட்டியது. வேனில் கோழிக்கறி விற்கும் நிறுவனத்தின் விற்பனை மேலாளர் விலகி அதே தொழிலைத் தொடங்கினார். எந்தத் தெருவில் யார் வாங்குவார்கள், எந்த நாளில், என்ன விலைக்கு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நிறுவனம் வழக்கில் தோற்றது. தகவல் மூன்று வகை என்று நீதிமன்றம் பிரித்தது.

1. எல்லோருக்கும் கிடைக்கக்கூடியது. எப்போதும் ரகசியம் இல்லை.
2. வேலையில் இருக்கும்வரை வெளியே சொல்லக் கூடாதது, ஆனால் விலகிய பின் அந்த ஊழியரின் அனுபவத்தோடும் திறமையோடும் கலந்துவிடுவது.
3. மிக உயர்ந்த ரகசியம். விலகிய பிறகும் பயன்படுத்தக் கூடாதது.

நம் நீதிமன்றங்களும் இந்த வழியை ஒட்டியே யோசிக்கின்றன. நம் பட்டறைக்காரரின் நீல நிறக் கலவை மூன்றாம் வகைக்குப் போக வாய்ப்பு அதிகம், மனப்பாடம் என்பது சாக்காகாது. சாயம் பிடிப்பதை உணரும் திறமை அவரோடு போகும். இரண்டுக்கும் நடுவில் கிடப்பவற்றில் நீதிபதிகள் நிறுவனத்தின் நடத்தையைப் பார்ப்பார்கள். அட்டை பூட்டிய அலமாரியில் இருந்ததா, சுவரில் ஒட்டியிருந்ததா? எத்தனை பேர் பார்க்க முடிந்தது? ரகசியம் என்று யாராவது சொன்னார்களா? தானே காக்காததைப் பிறர் காக்கவில்லை என்று புகார் சொல்வது எடுபடாது.

இன்னும் இரண்டு கதவுகள் எப்போதும் திறந்தே இருக்கின்றன. ஒருவர் தானே சொந்தமாக அதே நுட்பத்தைக் கண்டுபிடிக்கலாம். சந்தையில் நியாயமாக வாங்கிய பொருளைப் பிரித்துப் பார்த்து, வேறு உறுதிமொழி எதுவும் கொடுக்காத நிலையில், அது எப்படிச் செய்யப்பட்டது என்று அறியலாம். காப்புரிமை இவற்றையும் தடுக்கும், ரகசியத்துக்கு அந்தப் பலம் இல்லை.

‘மீறினால் 1 கோடி’

ஒப்பந்தத்தில் எழுதிய தொகையை அப்படியே கட்ட வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. எழுதிய தொகை உச்சவரம்பு. அதற்குள் ‘நியாயமான இழப்பீடு’ எவ்வளவோ அவ்வளவுதான். 2015இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக்கியது: சேதமோ இழப்போ ஏற்பட்டிருந்தால்தான் இழப்பீடு என்ற பேச்சே வரும். இழப்பை அளந்து நிரூபிக்கவே முடியாத இடங்களில் மட்டும், முன்கூட்டி எழுதிய தொகை நேர்மையான மதிப்பீடாக இருந்தால் அதை ஏற்கலாம்.

மாதம் 30,000 ரூபாய் வாங்கும் ஊழியரின் ஒப்பந்தத்தில் 1 கோடி என்று எழுதுவது பெரும்பாலும் மிரட்டலுக்குத்தான். ஆனால் பாண்டு விஷயத்தை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டு முடியும் முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற பாண்டு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்த அதிகாரி வேறு வங்கிக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை, போவதற்கான விலை மட்டுமே கேட்கப்பட்டது. பொதுத்துறை வங்கி ஒரு பணியிடத்தை மறுபடி நிரப்ப ஆகும் செலவைப் பார்க்கும்போது தொகையும் மிகையல்ல என்பது காரணம்.

உண்மையில் நிறுவனங்கள் பணத்தைவிட வேண்டுவது தடையாணையைத்தான். ரகசியம் ஒருமுறை வெளியே போனால் திரும்பப் பிடிக்க முடியாது என்பதால், மேலோட்டமாகவே வலுவான வழக்கு இருந்தால் இடைக்காலத் தடை விரைவில் கிடைக்கும். எதிர்தரப்பைக் கேட்காமலேயே, நீதிமன்றம் நியமிக்கும் ஆணையரை அனுப்பி கணினிகளைச் சோதிக்கச் சொல்லும் உத்தரவுகளும் உண்டு. அப்புறம் நிறுவனத்துக்கும் ஒரு சங்கடம் இருக்கிறது. ரகசியத்தை நிரூபிக்க அதை நீதிமன்றத்தில் காட்டியாக வேண்டும். அதற்காகவே டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2018 விதிகளில், குறிப்பிட்ட வழக்கறிஞர்களும் நிபுணர்களும் மட்டும் ஆவணத்தைப் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது.

குற்றத்தை மறைக்க ஒப்பந்தம் போட முடியாது

ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, நோக்கம் சட்டவிரோதமாகவோ பொதுநலனுக்கு விரோதமாகவோ இருந்தால் ஒப்பந்தம் செல்லாது. சட்டப்படி நீதிமன்றம் போகும் உரிமையை அடியோடு பறிக்கும் ஒப்பந்தமும் செல்லாது என்கிறது 28ஆம் பிரிவு. இந்த இரண்டும் சேர்ந்து என்.டி.ஏ.வுக்கு வெளி எல்லை போடுகின்றன.

1. நீதிமன்றமோ, விசாரணை அதிகாரம் உள்ள அமைப்போ சட்டப்படி கேட்டால், ‘என்.டி.ஏ. போட்டிருக்கிறேன்’ என்பது பதில் ஆகாது.

2. பங்குச் சந்தையில் உள்தகவல் வைத்து வர்த்தகம் நடப்பதை ஒருவர் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியிடம் தெரிவிப்பதைத் தடுக்கும் ஷரத்து செல்லாது என்று 2019இல் செபி தன் விதிகளிலேயே எழுதிவிட்டது.

3. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் ரகசியம் உண்டு. 16ஆம் பிரிவு புகார் கொடுத்தவர், எதிர்தரப்பு, சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் விசாரணை விவரங்களையும் வெளியிடக் கூடாது என்கிறது. ஆனால் அது சட்டமே போட்ட திரை. ‘புகார் கொடுக்காதே’ என்று நிறுவனம் எழுதி வாங்குவது வேறு. சமரசத்துக்குப் பணம் அடிப்படையாக இருக்கக் கூடாது என்று 10ஆம் பிரிவு சொல்வதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

4. அரசோடு செய்த ஒப்பந்தத்தில் ‘ரகசியம்’ என்று எழுதினாலும் தகவல் உரிமைச் சட்டம் வாய் மூடிவிடாது. வணிக ரகசியத்துக்கு 8(1)(டி) பிரிவில் விலக்கு உண்டு. பெரிய பொதுநலன் இருந்தால் அந்த விலக்கையும் தாண்டித் தகவல் தர வேண்டும்.

மூன்றாவது விஷயம் உலகம் முழுக்கப் பேசப்படுவதற்கு ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் மீதான பாலியல் புகார் விவகாரம் ஒரு காரணம். அவருடைய லண்டன் அலுவலகத்தில் வேலை பார்த்த செல்டா பெர்கின்ஸ் 1998இல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை 2017இல் மீறிப் பேசினார். அதற்கு முன் 19 வருடம் ஒரு காகிதம் அவர் வாயைக் கட்டியிருந்தது. பாலியல் துன்புறுத்தல் பற்றிப் பிரச்சினை எழும் முன்னரே எழுதி வாங்கிய வாய்ப்பூட்டு செல்லாது என்று அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டம் போட்டது. இவ்வளவு வெளிப்படையான சட்டம் நம்மிடம் இல்லை. 23, 28 பிரிவுகளை வைத்து வாதாடித்தான் ஜெயிக்க வேண்டும், அதற்குக் காலமும் காசும் வேண்டும். பாதிக்கப்பட்டவரிடம் பெரும்பாலும் இரண்டும் இருப்பதில்லை. இந்த இடத்தில் நம் சட்டம் தைரியமாகப் பேச வேண்டும்.

பாதுகாப்பு கிடைக்காத இடம்

இதையெல்லாம் படித்துவிட்டு ‘என்.டி.ஏ. சும்மா’ என்று முடிவு கட்டினால் ஆபத்து. வழக்குகளில் ஊழியர்கள் உண்மையாக மாட்டிக்கொள்வது தலைக்குள் இருக்கும் அறிவால் அல்ல, கோப்புகளால். விலகும் வாரத்தில் வாடிக்கையாளர் பட்டியலைச் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்புவது, மூல நிரலைப் பென்டிரைவில் எடுப்பது, ‘நான் எழுதியதுதானே’ என்று பழைய ஆவணங்களைக் கொண்டுபோவது. பயன்படுத்தவே இல்லை என்றாலும் அந்த மின்னஞ்சல் பதிவு ஒன்றே இடைக்காலத் தடைக்குப் போதுமானதாகிவிடும். அனுமதியின்றித் தரவைப் பிரதி எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வருகிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறை. ஒப்பந்தத்தின் அடிப்படையில் கிடைத்த பிறருடைய தனிப்பட்ட விவரங்களை ஆதாயத்துக்காகவோ தீங்கு செய்யவோ வெளியே விட்டால் 72ஏ பிரிவு இருக்கிறது.

கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை சில.

1. எது ரகசியம் என்பதற்கு வரையறை இருக்கிறதா, ‘அனைத்தும்’ என்று இருக்கிறதா? பட்டியலாகக் கேட்கலாம்.
2. ஏற்கெனவே பொதுவெளியில் இருப்பது, நீங்கள் முன்பே அறிந்தது, சட்டப்படி சொல்ல வேண்டியது ஆகியவற்றுக்கு விலக்கு இருக்கிறதா?
3. காலம் எவ்வளவு? சூத்திரம் போன்ற ரகசியத்துக்குக் காலவரம்பு இல்லாமல் இருக்கலாம். சாதாரண வியாபாரத் தகவலுக்கு அப்படி இருக்கத் தேவையில்லை.
4. எந்த ஊர் நீதிமன்றம்? கோயம்புத்தூரில் வேலை பார்ப்பவர் குருகிராமில் வழக்காட வேண்டும் என்று ஒரு வரி உள்ளே ஒளிந்திருக்கலாம். தோற்பதைவிட அலைச்சலுக்குப் பயந்துதான் பலர் பணிகிறார்கள்.

நோட்டீஸ் வந்துவிட்டால், எந்தத் தகவலை எப்போது மீறியதாகச் சொல்கிறீர்கள் என்று எழுத்தில் திருப்பிக் கேட்பது முதல் வேலை. பயத்தில் புதிதாக ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடக் கூடாது. பழைய ஒப்பந்தத்தில் இல்லாத பலம் அந்தப் புதிய காகிதத்தால் அவர்களுக்குக் கிடைத்துவிடலாம்.

வரப்போகும் சட்டம்

22ஆவது சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் கொடுத்த 289ஆவது அறிக்கை, வணிக ரகசியத்துக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்து ஒரு வரைவு மசோதாவையும் இணைத்தது. அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் உடன்பாட்டின் 39ஆவது விதி வெளியிடப்படாத தகவலைக் காக்கச் சொல்வது அதற்குப் பின்னணி. முறைகேட்டை வெளியே சொல்பவர்களுக்கும் பொதுநலனுக்கும் விலக்கு வேண்டும் என்பதும் அந்த அறிக்கையில் உண்டு. அந்த விலக்குகள் சட்டமாகும்போது எந்தச் சொற்களில் நிற்கின்றன என்பதையும், ஊழியரின் பொதுவான திறமையும் அனுபவமும் ரகசியம் ஆகாது என்பது மசோதாவில் எழுத்தில் வருகிறதா என்பதையும் தொழிற்சங்கங்களும் ஐ.டி. ஊழியர்களும் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும்.